முதல் கூட்டில் இரண்டு அளவு

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. சனிக்கிழமை காலை, செவ்வாய்ப்பேட்டையில் துப்பாக்கி பழுது பார்க்கும் எங்கள் கடையில், இருபது தோட்டாக் கூடுகளில் வெடிமருந்து போட உட்கார்ந்தோம். அப்பா அளந்து போட்டார். நான் பட்டியலில் குறியிட்டேன்.

2. முதல் கூட்டில் போட்டு முடித்ததும், மண்ணெண்ணெய் வந்துவிட்டது என்று எதிர்க்கடைக்காரர் குரல் கொடுத்தார். அப்பா டின்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

3. ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார். மறுபடி உட்கார்ந்து இருபதையும் முடித்தோம். மேலே குண்டுகளை அழுத்தி மூடினோம்.

4. பிற்பகல் தோட்டத்துக்காரர் வந்து முதல் பத்துத் தோட்டாக்களை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனார். காலையில் சுட்டுப் பார்ப்பதாகச் சொன்னார்.

5. ஞாயிற்றுக்கிழமை காலை, மிச்ச மருந்தை எடை போட்டேன். பத்து அளவு இருக்க வேண்டும். ஒன்பதுதான் இருந்தது.

6. அப்படியானால் ஏதோ ஒரு தோட்டாவுக்குள் இரண்டு அளவு இருந்தது.

ஆறாவதற்கு மேல் எழுத முடியவில்லை. ஏனென்றால் அந்தத் தோட்டத்துக்காரருக்கு இருந்தது ஒரே கை.

அவருடைய இடது கையைச் சில வருடங்களுக்கு முன் கரும்பு ஆலை இழுத்துவிட்டது. முழங்கைக்கு மேலே எடுக்க வேண்டியதாயிற்று. ராசிபுரத்துக்குத் தெற்கே, மலையடிவாரத்தில் அவருக்குக் கடலைக்காய்த் தோட்டம். பன்றிகள் இறங்கி வந்து, ஒரு மாத உழைப்பை ஒரு மணி நேரத்தில் கிளறிப் போட்டுவிடும். நீளத் துப்பாக்கியை ஒரு கையால் பிடிக்க முடியாது என்பதால், ஊரை விட்டுப் போன ஒரு காப்பித் தோட்ட வெள்ளைக்காரரிடமிருந்து ஒரு கைத்துப்பாக்கியை லைசென்ஸ் மாற்றி வாங்கியிருந்தார். நீளமான குழல். ஒரு நேரத்தில் ஒரு தோட்டாதான் போட முடியும். பிடியைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, குழலை மடித்துத் திறந்து, தோட்டாவை உள்ளே விட்டு மூடுவார். பார்க்கிறவர்களுக்குத்தான் அது கஷ்டமாகத் தெரியும்.

உலகச் சண்டை வந்ததும் கப்பலில் தோட்டா வருவது நின்றுபோயிற்று. அவருடைய துப்பாக்கிக்கான தோட்டாவைச் சண்டைக்கு முன்பே செய்வதை விட்டுவிட்டார்கள் என்று அப்பா சொன்னார். எங்கள் கடையில் முயல் சுடும் பழைய ரைபிளுக்கு உரிய பித்தளைக் கூடுகள் ஒரு பெட்டி கிடந்தன. அடிப்பாகம் அவர் துப்பாக்கிக்குச் சரியாகப் பொருந்தியது. ஆனால் நீளம் அதிகம், வாய் அகலம். வெட்டி, வாயைச் சுருக்கிவிட்டால் போதும் என்றார் அப்பா.

“எந்தக் கம்பெனியும் செய்யாத தோட்டாவப்பா அது” என்றேன்.

“அதனாலதான் நாம செய்யறோம்” என்றார்.

சுருக்குவதற்கான அச்சை அவரே கடைந்தார். கூட்டை வெட்டி, வாயை ஸ்பிரிட் விளக்கில் காட்டி இளக்கி, எண்ணெய் தடவி, வைஸில் வைத்து அச்சுக்குள் அழுத்துவோம். சில கூடுகளின் கழுத்தில் மடிப்பு விழுந்தது. சில வெடித்துப் பிளந்தன. எண்ணெய் கூடினால், கழுத்துக்குக் கீழே கூட்டின் தோளில் பள்ளம் விழும். குறைந்தால் கூடு அச்சுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். இருபது நல்ல கூடுகள் தேறுவதற்கு மூன்று வாரம் ஆயிற்று. இன்னும் மூன்று கூடுகளைத் தனியாகச் செய்து, துப்பாக்கியை மரக்கட்டையில் இறுக்கிக் கட்டி, கதவுக்குப் பின்னால் நின்று கயிற்றால் இழுத்துச் சுட்டுப் பார்த்தோம். மூன்றும் சுத்தமாகச் சுட்டன.

நான் சென்னையில் கம்பவுண்டர் படிப்பு முடித்தவள். சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் மருந்து கலக்குகிறேன். அங்கே எங்களுக்கு ஒரு விதி உண்டு: பாட்டிலை எடுக்கும்போது ஒரு முறை பார், ஊற்றும்போது ஒரு முறை பார், திரும்ப வைக்கும்போது ஒரு முறை பார். அதே பழக்கத்தில், இருபது கூடுகளின் அடியிலும் ஊசியால் எண் கீறினேன். ஒவ்வொன்றின் வெற்று எடையையும் எழுதினேன். குண்டுகளின் எடையையும் எழுதினேன். அப்பா சிரித்தார்.

“இதென்ன சாமி, தோட்டாவுக்கு ஜாதகம் எழுதற?”

அந்த ஜாதகம்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் உதவியது. கையால் வெட்டிய கூடுகள் என்பதால் ஒன்றுக்கொன்று எடை வேறுபடும். மருந்தோ மிகக் கொஞ்சம். மூடிய தோட்டாவைச் சும்மா நிறுத்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் கூட்டின் எடையும் குண்டின் எடையும் தெரிந்தால், மீதி மருந்து. கடையில் இருந்த பதினொன்று முதல் இருபது வரை பத்தையும் நிறுத்தேன். எல்லாம் சரி. தப்பு அவரிடம் போன பத்தில் இருந்தது.

அப்பா பல் துலக்கிவிட்டு வந்தார். தராசையும் என்னையும் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“சிந்தியிருக்கும்.”

“வெள்ளைத் தட்டு மேலதானே வேலை செஞ்சோம்? ஒரு பொடி கூடத் தட்டுல இல்லையே.”

அவர் முக்காலியில் உட்கார்ந்தார். சனிக்கிழமை காலையை ஆரம்பத்திலிருந்து ஒரு முறை சொல்லிப் பார்த்தோம். அப்போதுதான் அது வெளியே வந்தது.

அப்பா சின்ன வயதில் தானிய மண்டியில் வள்ளம் என்ற படியால் தானியம் அளந்தவர். இன்றும் எதை அளந்தாலும் மண்டிக் கணக்குதான். ஒன்று என்று தொடங்க மாட்டார். முதல் அளவுக்கு “லாபம்” என்பார். அப்புறம் ரெண்டு, மூணு. இது எனக்குத் தெரியும். சேலத்தில் அரிசி வாங்கும் யாருக்கும் தெரியும். எனக்குத் தெரியாதது வேறொன்று. அளப்பு நடுவில் அறுந்துபோனால், அதுவரை அளந்தது செல்லாது. அளந்ததைக் குவியலில் திரும்பக் கொட்டிவிட்டு மறுபடி லாபத்திலிருந்து தொடங்க வேண்டும். கொட்டுவது அளக்கிறவர் வேலை இல்லை. சாக்கைப் பிடித்திருப்பவர் வேலை.

எங்கள் கடையில் சாக்குக்குப் பதில் துளையிட்ட மரப்பலகை. கூடுகள் அதில் வரிசையாக நிற்கும். அதைப் பிடித்திருந்தவள் நான்.

“நீ திருப்பிக் கொட்டலையா?” என்றார் அப்பா.

“நான் எதுக்குக் கொட்டணும்? நீங்க திரும்ப வந்து ‘லாபம்’னு சொன்னதும், எங்க விட்டோம்னு ஞாபகப்படுத்திக்கறீங்கன்னு நெனச்சேன். பட்டியல்ல ஒண்ணுக்குக் குறி இருந்துச்சு. அப்படியே விட்டுட்டேன்.”

“நான் போட்டனே, பாக்கலையா?”

“காகிதத்தப் பாத்துட்டிருந்தேன்.”

மூன்று முறை பார்க்க வேண்டியதை நான் ஒரு முறைகூடப் பார்க்கவில்லை.

“அந்தத் துப்பாக்கி ஒரு அளவைத் தாங்கும்” என்றார் அப்பா. “ரெண்டு போட்டா குழலே வெடிச்சு…” வாக்கியத்தை முடிக்காமல் எழுந்து சட்டையைத் தேடினார்.

நான் தராசைப் பெட்டியில் வைத்தேன். பட்டியலை எடுத்துக்கொண்டேன். அப்பா குறடையும் கொஞ்சம் தோல் துண்டையும் மடியில் கட்டிக்கொண்டார். பெட்ரோல் கிடைக்காததால் ராசிபுரம் பஸ் அப்போது கரியில் ஓடியது. பின்னால் ஒரு பெரிய அடுப்பு மாட்டியிருக்கும். கிளீனர் அடிக்கடி இறங்கிக் கிளறிவிடுவார். மேட்டில் ஏற முடியாமல் நின்றால் ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டும். அன்று இரண்டு இடத்தில் இறங்கினார்கள். முதல் முறை அப்பாவும் தள்ளினார். இரண்டாவது முறை அவர் தள்ளவில்லை. பஸ்ஸுக்கு முன்னால் ரோட்டில் நடந்தே போய்விட்டார். பஸ் அவரைப் பிடித்து ஏற்றிக்கொண்டபோது கண்டக்டர் கேட்டார்:

“ஏனுங், எங்க பஸ்ஸு மேல அம்புட்டு நம்பிக்கைங்களா?”

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டார்.

இறங்கிய இடத்திலிருந்து தோட்டத்துக்கு ஒரு மைல், வாய்க்கால் கரை மேல். தராசுப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தேன். பாதி தூரத்தில் முதல் வெடிச் சத்தம் கேட்டது.

இரண்டு பேரும் நின்றுவிட்டோம். கொக்குகள் எழும்பிப் போயின. கத்தல் எதுவும் கேட்கவில்லை. ஒரு சத்தம் நல்லபடியாக முடிந்தால் அது அந்தத் தோட்டா இல்லை. ஆனால் மீதியில் அது இருக்கிறது. பத்தில் ஒன்று, பிறகு ஒன்பதில் ஒன்று. என் மனம் தானாகக் கணக்குப் போட்டது, நிறுத்த முடியவில்லை. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட ஆரம்பித்தார். “சுடாதீங்க! ஏனுங், சுடாதீங்க!” என்று கத்தினார். காற்று எங்கள் பக்கம் அடித்தது. அவர் குரல் அவர் முதுகுக்குப் பின்னால்தான் வந்தது.

இரண்டாவது சத்தம். எட்டில் ஒன்று.

மூன்றாவது. ஏழில் ஒன்று.

அதன் பிறகு சத்தமே இல்லை. அதுதான் எல்லாவற்றையும்விட மோசமாக இருந்தது. சத்தம் இல்லாததற்கு என்னென்ன காரணம் இருக்கலாம் என்று நான் வரிசைப்படுத்தியதை இங்கே எழுதவில்லை.

தோட்டத்து வீட்டுக்கு முன்னால் வேப்பமரம். அதன் நிழலில் ஒரு கட்டிலில் அவர் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பித்தளைக் கும்பா. வலது கையை உள்ளே விட்டுக் கம்மங்கூழைக் கரைத்துக்கொண்டிருந்தார். கையை வெளியே எடுத்து விரல்களை ஒவ்வொன்றாக வழித்தார். ஐந்து விரல்கள். நான் எண்ணினேன்.

“வாங்க மேஸ்திரி, வா அம்மிணி” என்றார். “என்ன ரெண்டு பேரும் ஓட்டப் பந்தயமா? மூணு சுட்டேன். நல்லாப் போவுதுங்க. கூழு குடிச்சுட்டு மறுக்கா சுடலாம்னு.”

அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. பேச முடியவில்லை. நான்தான் சொன்னேன், பட்டியலில் எழுதிய அதே வரிசையில். நடுவே மழுப்பவில்லை. ஒன்றாம் எண்ணில் இரட்டை மருந்து இருக்கிறது, தப்பு எங்களுடையது, பெட்டியைக் கொடுங்கள் என்றேன்.

அவர் கும்பாவைக் கீழே வைத்தார். கூழ் ஒட்டிய கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை எடுத்துக் கொடுத்தார்.

சுட்ட கூடுகள் மூன்று: இரண்டு, மூன்று, நான்கு. சுடாதவை ஆறு: ஐந்திலிருந்து பத்து வரை. மொத்தம் ஒன்பது.

“ஒண்ணு எங்கீங்க?” என்றேன். “துப்பாக்கில இருக்கா?”

“துப்பாக்கி வெறும் துப்பாக்கி. பாரு.” மடித்துத் திறந்து காட்டினார். “மொதல்ல எடுத்தத முனியப்பனுக்கு வெச்சுட்டேன். எதுவா இருந்தாலும் மொதக் காயி சாமிக்குத்தானுங்களே.”

தோட்டத்தின் எல்லையில், பனைமரத்துக்குக் கீழே, குங்குமம் பூசிய ஒரு கல். அதன் காலடியில், ஒரு எருக்கம்பூவுக்குப் பக்கத்தில், எங்கள் தோட்டா பளபளவென்று நின்றது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அப்பா எடுக்கக் குனிந்தார். தோட்டத்துக்காரர் தடுத்தார்.

“இருங்க. வெச்சத எடுக்கக் கூடாது மேஸ்திரி.”

“ஏனுங், அது வெடிமருந்துங்க!”

“சாமிகிட்ட இருக்கறது சாமி பாத்துக்கும்.”

“இப்பத்தானுங்க பாத்துக்கிச்சு” என்றார் அப்பா. “ஒரு நாளைக்கு ரெண்டு தடவை வேலை வாங்கலாமுங்களா?”

பின்னாலேயே வந்திருந்த அவர் மனைவி இதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். அந்தத் துப்பாக்கி வீட்டுக்குள் வருவதே அவருக்கு ஆரம்பத்திலிருந்து பிடிக்காது என்று எனக்குத் தெரியும். சிரிப்பை நிறுத்திக்கொண்டு கணவரைப் பார்த்தார்.

“இருந்த கையும் போயிருந்தா, கூழ நாந்தான ஊட்டோணும்? நவுருங்க. சாமிக்கு என்ன கொடுத்தீங்க, பித்தளையா மருந்தா?”

“தோட்டா கொடுத்தேன்.”

“பித்தளைய அவரு வெச்சுக்கட்டும். மருந்து இவிங்களோடது, அது இவிங்ககிட்ட போவட்டும். பாதி எடுத்தாத் தப்பில்ல. தேங்கா ஒடச்சா மூடிய எடுத்துட்டு வாரமில்ல?”

தோட்டத்துக்காரர் நகர்ந்து நின்றார். ஆனாலும் தோட்டாவை அவர் தொடவில்லை, எங்களையும் தொடவிடவில்லை. அந்த அம்மாவே கல்லின் முன்னால் விழுந்து கும்பிட்டு, எடுத்து என் கையில் கொடுத்தார். அடியைத் திருப்பிப் பார்த்தேன். ஊசியால் கீறிய ஒன்று, என் கையெழுத்து.

அப்பா தோல் துண்டைச் சுற்றி, கூட்டைச் சேதப்படுத்தாமல், குண்டை மெல்ல மெல்ல அசைத்து இழுத்தார். நான் வெள்ளைக் காகிதத்தைப் பிடித்தேன். மருந்து கொட்டியது. மரத்தடியில் காற்றுப் படாமல் தராசை நிறுத்தி, ஒரு தட்டில் படிக்கல்லும் மறு தட்டில் மருந்துமாக நிறுத்தேன். ஓர் அளவுக்கு உரிய படிக்கல் போதவில்லை. அதே எடையில் இன்னொன்றையும் வைத்தேன். முள் நடுவில் நின்றது.

சரியாக இரண்டு.

எனக்கு அழுகை வரும் போலிருந்தது. ஆனால் அதைவிட முந்திக்கொண்டு ஒரு லேசான உணர்வு வந்தது. ஆஸ்பத்திரியில் காய்ச்சல் இறங்கிய பிள்ளையின் தாய் பெஞ்சில் உட்கார்ந்து தன் பாட்டுக்கு வெற்றிலை மடிப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தது. கணக்கு எங்கும் ஓட்டை இல்லாமல் மூடிவிட்டது. வேறு எந்தத் தோட்டாவிலும் எதுவும் ஒளிந்திருக்கவில்லை.

தோட்டத்துக்காரர் காகிதத்துக்கு மேல் குனிந்து பார்த்தார்.

“இத்தினியூண்டா?”

“அவ்வளவுதாங்க.”

“மஞ்சப்பொடிகூட இதுக்கு மேல போடுவாளே எங்கூட்டுல.” நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். “ஏனுங் மேஸ்திரி, ஒத்தக் கையனுக்கு ரெட்ட மருந்தா? இல்லாத கைக்கும் சேத்துப் போட்டீங்களாக்கும்.”

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவர் இவ்வளவு சின்னதாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தோட்டத்துக்காரர் அவருடைய தோளில் கையை வைத்தார். கூழ் காய்ந்த கை. சட்டையில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டது.

“ஓடி வந்தீங்கல்ல? உடுங்க.”

மீதி ஆறையும் ஒவ்வொன்றாக நிறுத்துப் பட்டியலோடு ஒத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஓர் அளவுதான். உரக்கப் படித்துக் காட்டினேன். அவர் கேட்டுவிட்டு, துப்பாக்கியை என் பக்கம் நீட்டினார்.

“அப்ப நீயே ஒண்ணு சுடு அம்மிணி. அப்பறம் நான் சுடறேன்.”

“லைசென்ஸ் உங்க பேருலங்க” என்றார் அப்பா.

“நான் பக்கத்துலதான நிக்கறேன்? எழுதின புள்ள சுட்டாத்தான் எனக்கு நம்பிக்கை.”

அது நியாயமாகத்தான் பட்டது. என் கணக்கை நான் நம்பவில்லை என்றால் அவர் ஏன் நம்ப வேண்டும்? ஐந்தாம் எண்ணை எடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்தேன். வரப்பின் மேல் உடைந்த சட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விசையை அழுத்தினேன். முழங்கை வரைக்கும் ஓர் உதை. சட்டிக்கு ஒரு முழம் இடது பக்கம் மண் பறந்தது.

“பன்னி பக்கத்துத் தோட்டத்துல இருந்திருந்தா செத்திருக்கும்” என்றார் அந்த அம்மா.

துப்பாக்கியைத் திறந்து, சுட்ட கூட்டை விரலால் இழுத்தேன். சிக்காமல் வந்தது. வாய் பிளக்கவில்லை, தோள் விரியவில்லை. பட்டியலில் ஐந்துக்கு எதிரே “சுட்டது, நன்று” என்று எழுதினேன். பிறகு தோட்டத்துக்காரர் ஆறாவதை எடுத்தார். கையை வேட்டியில் துடைத்துவிட்டு, அந்த ஒரே கையால் சுட்டார். சட்டி சிதறியது. நாங்கள் மூவரும் பார்த்தது சட்டியை அல்ல, அவர் கையை.

திரும்பும்போது எங்களுக்கும் கூழ் கொடுத்தார்கள். ஒரு மூட்டைப் பச்சைக் கடலைக்காயும் கட்டிக் கொடுத்தார்கள். பஸ்ஸில் அப்பா தூங்கிவிட்டார். மேட்டில் இறங்கித் தள்ளச் சொன்னபோதுகூட எழுந்திருக்கவில்லை. கண்டக்டர் அவரை எழுப்பாமல் விட்டுவிட்டார்.

இப்போதைய நிலை இது. ஒன்றாம் எண் கூடு முனியப்பன் கல்லடியில் வெறுமையாக இருக்கிறது. பச்சை படிந்துவிட்டதாகக் கேள்வி. மற்ற பத்தொன்பதும் மூன்றாவது முறையாக நிரப்பப்பட்டு அவரிடம் இருக்கின்றன. அப்பா இன்னும் “லாபம்” என்றுதான் தொடங்குகிறார். அதை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. நடுவில் யார் கூப்பிட்டாலும் அவர் எழுந்திருக்கும் முன் பலகையைத் தட்டில் கவிழ்த்துவிடுகிறேன், எல்லாக் கூடுகளும் காலியாகும், வந்ததும் முதலிலிருந்து. குண்டை மூடுவதற்கு முன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் விளக்கைச் சாய்த்துப் பார்க்கிறேன், மூன்று முறை. இந்த வருடம் பன்றிகள் கடலைக்காயில் பாதியைத் தின்றுவிட்டன. தோட்டத்துக்காரரின் வலது கை நன்றாக இருக்கிறது.